எனக்கு மட்டும் திறந்த கதவு

செவ்வாய், இரவு

காலை எட்டு மணியானதும் பேராசிரியர் விரிவுரை மண்டபக் கதவைச் சாத்திவிடுவார். பருத்தித்துறை பஸ் பிந்தியதால் இன்று என் வகுப்புத் தோழி நிரோசா வெளியே அழுதுகொண்டு நின்றாள். நான் கிட்டவுள்ள குருநகரிலிருந்து சைக்கிளில் போகிறவள். நித்திரையாகிப் பிந்திப் போனேன். எனக்கு மட்டும் பேராசிரியர் கதவைத் திறந்தார்.

“நீ உள்ளுக்கு வா பிள்ளை. கடற்றொழில் செய்யிற வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும்.”

என்ன கஷ்டம்? அப்பா விடியமுன்னரே கடலுக்குப் போய்விட்டார். எழும்பாதது நான்தான்.

உள்ளே ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டார். தெரியாதவர்களை ஏசினார். என் முறை வந்ததும், “நீ இரு பிள்ளை” என்று அடுத்தவளிடம் போய்விட்டார்.

பின்னேரம் நிரோசா சொன்னாள்: “உனக்கென்னடி, நீ புரொபசர் சேரின்ரை செல்லம். ஒருநாளும் ஏச்சு வாங்கினதில்லை.”

உண்மைதான். ஒருநாளும் என்னிடம் கேள்வி கேட்டதுமில்லை. இன்றைய கேள்விக்கு எனக்கு விடை தெரியும்.