போய்ச் சொல்லாத கலியாணம்

என் செல்லத் தம்பி சேந்தனுக்கு,

செல்லம் என்று எழுதியது பழக்கதோஷம். அக்காவுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் கதைக்க வேண்டும் என்று சனம் எனக்குப் புத்தி சொல்கிறது. சொல்லட்டும். அவர்களுடைய கலியாணத்தை நீ கெடுக்கவில்லையே.

போன கிழமை பெரியம்மாவைக் கண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முதல் உன்னை ஆசை தீர ஏச வேண்டும். நீ இருக்கும்போது ஏசினால் சிரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்?

அம்மா போனபிறகு புதுக்குடியிருப்பில் வைத்து எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவ பெரியம்மா. எனக்கு வவுனியாவில் படிப்பிக்கிற வேலை கிடைத்தபோது நீயும் என்னோடு வந்து கடைத்தெருவில் அந்தக் கொமினிக்கேஷனில் சேர்ந்தாய். ஊர்ச்சனம் வந்து வெளிநாட்டுக்குக் கதைக்கிற கடை. அங்கே இருந்த ஒரேயொரு கொம்பியூட்டர் உன்னைப் பிடித்துக்கொண்டது. சண்டை ஓய்ந்து, வன்னிக்குப் பாதை திறந்து, சனம் போக வரத் தொடங்கியிருந்த காலம்.

என் கலியாணத்துக்கு நாள் வைத்தோம். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியவன் நீ. "புதுக்குடியிருப்புக்கு எப்ப போறாய்?" என்று கேட்டேன். நீ என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினாய். ஒரு போனை வயரால் கொம்பியூட்டரோடு கொழுவி வைத்திருந்தாய்.

"இது நான் எழுதின புரோகிராம் அக்கா. பேரையும் நம்பரையும் குடுத்தாப் போதும். ஒவ்வொருத்தருக்கும் அவையின்ரை முறையைப் போட்டே மெசேஜ் அனுப்பும். இஞ்சை பார், பெரியம்மாவுக்கு அன்புள்ள பெரியம்மா எண்டு போடுது."

இங்கிலிஸ் எழுத்தில் தமிழ். அன்பு என்கிற சொல்லைக் கொம்பியூட்டர் போட்டுக் கொடுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"பெரியம்மாவுக்காவது நேரிலை போய்ச் சொல்லடா."

"ஒரு நாள் முழுக்கப் போயிடும் அக்கா. ஓமந்தைச் சோதனைச்சாவடியிலை இறங்கு, பதி, ஏறு, பிறகும் இறங்கு. அவா கிழமைக்குக் கிழமை கிளினிக்குக்கு இஞ்சை வாறவாதானே. பஸ் ஸ்ராண்டிலை போனைப் போட்டவுடனை வந்து விழும்."

பெரியம்மா இருந்த வன்னிக்குள் சிக்னல் இல்லை. நீ வாங்கிக் கொடுத்த போன் பெரியம்மாவின் அலுமாரிக்குள் சேலைகளோடு கிடக்கும், வவுனியாவுக்கு வருகிற நாளில் மட்டும் வெளியே வரும். எல்லாம் தெரிந்துதான் கணக்குப் போட்டாய், கெட்டிக்காரா. ஒன்றை மட்டும் மறந்துபோனாய். நாள் வைத்தது பெரியம்மாவின் காதுக்கு எட்டியிருந்தது. கலியாணத்துக்கு முதல் கிழமை பிள்ளைகள் சொல்ல வருவார்கள் என்று அவ அந்தக் கிழமை கிளினிக்குக்கே வரவில்லை. வீட்டைக் கழுவி, பயத்தம் பணியாரம் சுட்டுத் தகரத்தில் அடைத்து வைத்து, படலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா. வருத்தக்காரி, மருந்தையும் விட்டுவிட்டு.

நல்லதுக்குச் சொல்லிப் போக வேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமல் போக வேண்டும். இது உனக்குத் தெரியாதா? வளர்த்தவளாக இருந்தாலும் சொல்லாத கலியாணத்துக்கு எப்படி வருவா?

கலியாணத்தன்று வாசலைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து நொந்தது. பெரியம்மா எடுக்க வேண்டிய ஆராத்தியை, எனக்குப் பெயரும் தெரியாத ஒரு மனுசி எடுத்தா. நீ பட்டுவேட்டியோடு மாப்பிள்ளைத் தோழனாக நின்று அத்தானின் காலைக் கழுவினாய், மோதிரம் வாங்கினாய். நான் மெதுவாக "பெரியம்மா எங்கையடா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் போயிட்டுது அக்கா, கொம்பியூட்டரிலை பச்சையாக் காட்டினது" என்றாய். அந்த இடத்திலேயே உன் கன்னத்தில் ஒன்று போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டதுக்கு இன்றைக்கும் கவலைப்படுகிறேன்.

அடுத்த கிழமை பெரியம்மா கிளினிக்குக்கு வந்தா. பஸ் ஸ்ராண்டில் போனைப் போட, மெசேஜ் வந்து விழுந்தது. இங்கிலிஸ் எழுத்து அவவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு ஓட்டோக்காரனிடம் நீட்டி வாசிப்பித்திருக்கிறா. "கலியாணம் முடிஞ்சுதே அம்மா" என்று அவன் சொல்ல, நேரே உன் கடைக்கு வந்தா.

"இதை ஆர் எழுதினது?"

"கொம்பியூட்டர் பெரியம்மா."

"அப்ப உங்களை வளத்ததும் அதுதானோ?"

இவ்வளவுதான் கேட்டா. மருந்தும் எடுக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டா. இதை நீயே வந்து சொன்னாய், சொல்லி அழுதாய். "வாற கிழமை போய்க் காலிலை விழுறன்" என்றாய். அந்த வாற கிழமை வரவேயில்லை. கடையில் வேலை, புரோகிராமில் பிழை, மழை. நானும் லேசுப்பட்டவள் இல்லை. பிழை விட்டவன் முதலில் போகட்டும் என்று முறுக்கிக்கொண்டு இருந்தேன். திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். பிறகு போக நினைத்தாலும் வழியில்லை.

போன வருசம் நீ டெங்குக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாய். இருபத்தேழு வயதில். உன் முதலாளி வந்து, "தங்கச்சி, அவன்ரை புரோகிராம் இருக்குத்தானே. ஒரே தட்டிலை எல்லாருக்கும் அறிவிச்சுவிடுவம்" என்றார். நல்ல மனிதர், உதவியாகத்தான் கேட்டார். அதைத் தொட்டால் கொம்பியூட்டரைத் தூக்கி நிலத்தில் அடிப்பேன் என்று சொன்னேன். கெட்டதுக்குச் சனம் சொல்லாமலே வந்தது. வர முடியாத ஒரு ஆள் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தா.

இப்போது சண்டை முடிந்து அவ இந்தப் பக்கம் வந்திருக்கிறா. வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருக்கிற முகாமில் இருக்கிறா என்று தெரிந்து அத்தானோடு போனேன். கம்பிவேலிக்கு வெளியே நாங்கள், உள்ளே அவ. பாதியாகிப் போயிருந்தா. என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "அவன் எங்கை, வர வெக்கமாமோ?"

நான் சொன்னேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, வாயால் சொன்னேன். நீ செய்ய வேண்டிய வேலை எல்லாம் கடைசியில் என் தலையில்.

அவ அழவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தா.

"நல்லதுக்குச் சொல்ல ஒருத்தரும் வரேல்லை. கெட்டதுக்கு நடந்து வந்திருக்கிறாய்" என்றா. பிறகு, "போனை வரேக்கை ஆமிக்காரர் வாங்கிப்போட்டாங்கள். அதுக்குள்ளை அவன்ரை மெசேஜ் கிடந்தது. வந்தானெண்டால் முகத்துக்கு நேரை காட்டி ஏசோணுமெண்டு அழிக்காமல் வைச்சிருந்தனான். இனி ஆருக்குக் காட்டுறது?" என்றா.

உன்னை ஏச இரண்டு பேர் காத்திருந்தோமடா. இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாய். இதுக்கும் உன் புரோகிராம் பச்சை காட்டுமா?

வாற மாசம் உன் திவசம். அதற்குச் சனத்துக்குச் சொல்ல வேண்டும். யாருக்கும் மெசேஜ் அனுப்பமாட்டேன். ஒவ்வொரு வீடாக நானே நடப்பேன், இருந்து தேத்தண்ணி குடித்து, வாங்கோ என்று சொல்லுவேன். முதல் போவது முகாமுக்கு. அவவை வெளியே விடமாட்டார்கள், அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். என்றாலும் வேலியில் நின்று, "பெரியம்மா, தம்பியின்ரை திவசம், கட்டாயம் வாங்கோ" என்று சொல்லுவேன்.

உன்னை மன்னிக்காத, உன் கூடப்பிறந்த
அக்கா