காலியாக இருந்த ஐந்தாவது வரி

பாசமுள்ள காதர் அண்ணே,

இன்னும் காலை பத்து மணி வரை நான் பேப்பரைப் பிரிப்பதில்லை. இத்தனை வருடப் பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகுமா? ஒரே பேப்பரை இரண்டு வீடும் சேர்ந்து வாங்கினோம். முதலில் நீங்கள் படித்து, உங்கள் கட்சிச் செய்திக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் பத்து மணிக்கு அனுப்புவீர்கள். நான் ஓரத்தில் நீல மையால் சண்டை பிடித்து மறுநாள் திருப்பித் தருவேன். ஒரு தடவை "பச்சைப் பொய்" என்று எழுதிவிட்டேன். மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். நான்காம் நாள் உங்கள் பலகார வண்டியிலிருந்து ஒரு தட்டு பசெம்போர் வந்தது, கூடவே பேச்சும் வந்தது.

நீங்கள் கண்ணை மூடியபின் பேப்பர் சுத்தமாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

நம் வரிசை ஐந்து வீடுகளில் முதல் வீடு கோப்பிக் கடையாகிவிட்டது. ஒரு கோப்பியின் விலை பதினைந்து வெள்ளி, கேட்டால் மயக்கம் போட்டு விழுவீர்கள். தையல்காரர் வீடு சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. அவர் பட்டர்வொர்த்தில் மகனோடு இருக்கிறார். தேவி குடும்பம் பாயான் பாருவுக்குப் போய்விட்டது, அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் உங்கள் வீடும் என் வீடும்தான்.

இதெல்லாம் வரும் என்று நீங்கள் அன்றே சொன்னீர்கள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப் போகிறார் என்று தெரிந்ததும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், எங்களை வெளியே அனுப்பாதீர்கள் என்று ஒரு மனு கொண்டு வந்தீர்கள். ஐந்து வீடும் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பது என்று பேச்சு. நான் போடவில்லை. எழுதிக் கொடுத்தவர் உங்கள் கட்சிக்காரர், வேறு காரணமே இல்லை. வீட்டு வாசல் அஞ்சடி நடைபாதையில் நின்றுகொண்டு பிரசங்கம் வேறு செய்தேன். பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வந்ததும் மாற்றம்தானே, அது வராவிட்டால் எனக்கேது சம்பளம் என்று கேட்டேன்.

"ஊரு முன்னேறட்டும் கமலா, வேணாம்னு யாரு சொன்னா? நாம எங்கேருந்து அதப் பாக்கிறது?" என்றீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போன மாதம் நம் இரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்தது. வாடகை மூன்று மடங்கு, முடியாவிட்டால் வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். என் கட்சிக்காரரிடம் ஓடினேன். அவர் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். உங்கள் மனுவில் இருந்த அதே கோரிக்கை. அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் மனைவி மரியம் அக்காவிடம் போனேன். அக்கா நிதானமாகப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"அவரு கேட்டப்ப நீ போடல. இப்ப உன் கட்சி எழுதினா நான் போடணுமா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான். தப்பு என்னுடையது அக்கா, மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதில் உங்கள் பழைய மனு இருந்தது. நான்கு கையெழுத்துகள். மூன்று பேர் இந்தத் தெருவிலேயே இல்லை. நான்காவது உங்களுடையது. ஐந்தாவது வரியில் உங்கள் கையெழுத்தில் என் பெயர், வீட்டு எண், பக்கத்தில் காலி இடம்.

"நீ போட்டுடுவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு லா. அதான் கடைசி வரைக்கும் குடுக்கவே இல்ல."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அண்ணே. என்னை இவ்வளவு நம்புவானேன்? திட்டியிருக்கலாமே!

டின்னில் உங்கள் சிவப்புப் பேனாவும் இருந்தது. அதை வாங்கி ஐந்தாவது வரியில் கையெழுத்துப் போட்டேன். அக்கா என் மனுவில் போட்டார். இரண்டையும் சேர்த்து ஊசி குத்தி, நாளைக் காலை நாங்கள் இருவரும் நேரில் போய் வீட்டுக்காரர் கையில் கொடுக்கப் போகிறோம். அவர் என்ன சொல்வாரோ தெரியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று. இங்கேயே இருந்தாலும் சரி, எங்கே போனாலும் சரி, அக்கா பக்கத்தில்தான் நான் இருப்பேன், இருவருக்கும் ஒரே பேப்பர்தான். உங்கள் கட்சிச் செய்திக்கு இனி நானே சிவப்புக் கோடு போடுகிறேன். ஓரத்தில் நீல மையில் சண்டையும் இருக்கும். என் ஓட்டு மட்டும் கேட்காதீர்கள்.

கையெழுத்தைத் தாமதமாகப் போட்ட,
உங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி
கமலா