தக்காளிப் பாத்தியைப் பற்றி

அன்புள்ள துணைவிக்கு,

நீ எழுவதற்குள் நூலகத்துக்குக் கிளம்புகிறேன். பின்கதவுச் சாவி ஆணியில் தொங்குகிறது. தோட்டத்துக்குப் போகும் முன் இதைப் படித்துவிடு. நான்கு மணிக்கு உன் தங்கை வருவாள்.

முப்பது ஆண்டுகளாக உன் முகம் வாடிய மாலைகளில் நான்தான் கேக் வாங்கி வந்தேன். தோட்டம் போட்ட பிறகு நீயாகவே பாட்டு முணுமுணுக்கிறாய். நேற்று, “இனிமே எதுவும் வாங்கிட்டு வராதீங்க. மண்ணைக் கொத்தினா மனசு லேசாயிடுது, இனிப்பு நெனப்பே வரல. ஒரு தக்காளி போதும்” என்று சிரித்தாய்.

நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை நினைவிருக்கிறதா? ஓர் அணில் நாள்தோறும் கிளிக்குப் பழம் கொண்டுவந்தது. கிளி தானே மரத்துக்குப் பறக்கக் கற்றதும், அணில் அம்மரத்தின் வேரைக் கடித்தது. பிறகு அணில் வெட்கப்பட்டதாகத்தான் அவர்களுக்குச் சொல்லிவந்தேன். வெட்கமெல்லாம் இல்லை, நிம்மதிதான். விடியலில் உன் பாத்தியில் உப்புநீர் ஊற்றியபோது தெரிந்துகொண்டேன்.

மாலைக்குள் உனக்கு இனிப்பு தேவைப்படும். கேக் மேல்தட்டில் இருக்கிறது; தங்கைக்கும் கொடு.

பி.கு.: மூலைச் செடி தப்பியது என் இரக்கத்தால் அல்ல, உப்புத் தீர்ந்துவிட்டது. வரும்போது வாங்கி வருகிறேன்.