பறக்கும் தட்டும் பின்னேர லோஞ்சும்

ஜனவரி 19, திங்கள்

விடியமுதலே வாடைக்காற்று. கடல் கொந்தளிப்பு. குறிகட்டுவானில் லோஞ்ச் படகு ஏறி நெடுந்தீவு வந்து சேர்வதற்குள் காலையில் தின்ற இடியப்பம் கடலுக்கு. சேலை முழுக்க உப்பு.

ஓடுவது ஒரேயொரு லோஞ்ச். மற்றது நத்தார்ப் பண்டிகையோடு பழுதாகிக் கிடக்கிறது. திருத்த ஆள் வருமாம். வரும், வரும்.

கந்தோர் மேசையில் இரண்டு கடிதம். ஒன்று நல்லது, மற்றது விசர், சுத்தப் பைத்தியம்.

நல்லது: இடமாற்றம். வேலணைக்கு. மண்கும்பானில் எங்கள் வீடு, சைக்கிளில் போய்வரலாம். மகள் கயல் கைக்குழந்தையாக இருந்தபோது கேட்கத் தொடங்கியது, இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அடியில் ஒரு வரி: கையிலுள்ள விசேட கடமை முடிந்த பின்னரே விடுவிப்பு. பெப்ரவரிக்குள் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

விசர்: அந்த விசேட கடமை. நெடுந்தீவு வான்பரப்பில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் "அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்" பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வருகிறதாம். ஒழுங்குகளுக்குப் பொறுப்பு கிராம அலுவலர். வேறு யார், நான்தான்.

பொங்கலுக்கு வந்த கொழும்புச் சோடி ஒன்று வீடியோ எடுத்து முகநூலில் போட்டிருக்கிறது. வானத்தில் அசையாமல் நிற்கும் சிவப்பு, பச்சை வெளிச்சம். கூடவே "ங்ங்ங்" என்று ஒரு சத்தம்.

கந்தோர் முழுக்கச் சிரித்தோம். அது சங்கக்கடை மனேச்சர் தேவண்ணையின் பட்டம். எட்டுமூலைப் பட்டம், ஆளைவிட உயரம். தை மாத வாடைக்கு ஏற்றுவார். காற்றில் கூவுவதற்கு விண் என்கிற நாரைப் பூட்டி, பட்டரியும் பல்பும் கட்டி, நூலைப் பனையில் முடிந்துவிட்டுப் போய்ப் படுப்பார். அது விடியும்வரை நின்று கூவும். ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

குழு வரும், பட்டம் என்று சொல்வோம், போகும். அரைநாள் வேலை. என் மனுசன் சிவாவுக்குப் போன் பண்ணினேன். "அப்ப அடுத்த கிழமை கட்டிலை இடம்மாத்திப் போடட்டே?" என்றார். போடுங்கோ என்றேன்.

ஜனவரி 22, வியாழன்

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் ஐயா: பெரிய தொப்பி, கழுத்தில் தூரக்கண்ணாடி, தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நிரோஷன் என்று ஒரு கொழும்புத் தமிழ்ப் பொடியன், கடல் அடித்து முகம் வெளிறிப்போய். மூன்றாமவர் நித்திரை.

அவர்களுக்கென்று தனி லோஞ்ச். காலையில் ஏற்றிவரும். பின்னேரம் குறிகட்டுவானில் இறக்கிவிட்டுக் கட்டுவதற்கு இங்கேயே திரும்பி வரும். வெறுமையாக ஓடுவானேன் என்று சனத்தையும் ஏற்றச் சொல்லிவிட்டார் பிரதேச செயலாளர்.

விசாரணை பொதுநோக்கு மண்டபத்தில். முதல் சாட்சி பாக்கியமக்கா. தேவண்ணைக்குப் பக்கத்து வளவு, மாடு வளர்ப்பு, பொய் பேசாத மனுசி. பட்டம் என்று சொல்வா, மத்தியானத்தோடு முடியும் என்று நினைத்திருந்தேன்.

"ஓம், கண்டனான். வட்டமாய். உள்ளுக்கை ஆக்கள் இருந்தவை."

நான் அக்காவைப் பார்க்கிறேன். அக்கா சுவரைப் பார்க்கிறா.

"எத்தனை பேரு?" நிரோஷன்.

"ரெண்டு பேர். ஒராள் பொம்பிளை போலை. தலை வாரி இழுத்திருந்தவ."

அடுத்தது மீன்பிடிக்கிற சூசையண்ணை. முக்கோணம் என்றார். வலைக்கு மேலால் போனதாம், அன்றிலிருந்து மீன் இல்லையாம். (அதற்கு முதலும் இல்லை.) தேவண்ணை சுத்தமான சேட்டுப் போட்டு வந்து, "நான் வேளைக்குப் படுக்கிறனான், ஒண்டும் காணேல்லை" என்றார். அது மட்டும் உண்மை.

தலைவர் ஐயாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரணாம், ஆகவே விசாரணை நீளும். இனி ஒவ்வொரு திங்களும் வியாழனும் அமர்வு.

பின்னேரம் பாக்கியமக்காவை மறித்தேன்.

"அக்கா, உது தேவண்ணையின்ரை பட்டம் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியாமல் என்ன பிள்ளை. நூல் கட்டியிருக்கிறதே என்ரை பனையிலைதான்."

"பிறகேன் உந்தக் கதை?"

"பின்னேரம் லோஞ்ச் வருகுதெல்லே."

அக்காவின் மனுசனுக்கு யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக். காலை போய் எல்லாம் முடிக்க, மத்தியான லோஞ்ச் விட்டுவிட்டுப் போய்விடும். பிறகு சம்பந்தி வீட்டில் ஒரு இரவு. மாடு இங்கே கறக்க ஆளில்லாமல் கத்தும், சம்பந்தியம்மா அங்கே தன் மகனின் கனடா வீட்டுக்கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாவாம். பின்னேர லோஞ்ச் என்றால் மாலையே வீடு.

 தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 26, திங்கள்

இரவில் தெரிகிற வெளிச்சத்தைப் பகலில் விசாரிக்கிறார்கள். இரவு தங்க ஏலாதாம், நுளம்புக் கடியாம். ஒரு இரவு நின்றால் ஒரு நிமிஷத்தில் முடிகிற அலுவல்.

சாட்சி சொல்ல மண்டபத்துக்கு வெளியே கியூ. குழுவின் லோஞ்சில் போய்வந்தவை: ஒரு பல்லுக்கொதி, இரண்டு பிரசவ கிளினிக், ஒரு சோடி ஆடு, கலியாண கேக் ஒன்று. கேக்கைத் தலைவர் ஐயா மடியில் வைத்துப் பிடித்துவந்தாராம். மனுசன் நல்லவர்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

தேவண்ணை பட்டத்தில் நீல பல்பும் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "கொழும்பிலையிருந்து வாற ஆக்கள் பிள்ளை. சும்மா விடேலுமே."

அவரிடம் இடமாற்றக் கதையைச் சொன்னேன்.  சீனி நிறுத்துத் தந்தார், கொஞ்சம் கூடவே நிறுத்தார்.

கயல் போனில்: "அம்மா, நீங்களும் பறக்கும் தட்டிலை ஏறிப் போட்டீங்களோ?" இல்லைக் குஞ்சு, நெடுந்தீவில்தான் இருக்கிறேன் என்றேன். "ரெண்டும் ஒண்டுதான் எண்டு அப்பா சொன்னவர்."

அந்தாளுக்கு நக்கல். 

பெப்ரவரி 2, திங்கள்

ஊரோடு ஒத்தோடு என்பார்கள். ஓடிப் பார்த்தேன், இனி ஏலாது. பெப்ரவரியும் பிறந்துவிட்டது.

காலை அமர்வு தொடங்க முதலே எழும்பி நின்று சொல்லிவிட்டேன். ஐயா, அது பட்டம்.  பாக்கியமக்கா தலையைக் குனிந்தா.

நிரோஷன் மொழிபெயர்த்தான். தலைவர் ஐயா சிரித்தார். திரும்பி ஏதோ கேட்டார்.

"மிஸ், சேர் கேக்குறாரு, ராத்திரி பூரா பட்டத்த யாரு புடிச்சிக்கிட்டு இருக்கிறது?"

"பனை."

"யாரு?"

"பனைமரம்."

நிரோஷன் அதை மொழிபெயர்க்கக் கூச்சப்பட்டான். பிறகு சொன்னான். தலைவர் ஐயா தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டார். பட்டம் என்பது பிள்ளைகள் பின்னேரத்தில் கையில் பிடித்து விடுகிற சாமானாம், அது பாடாதாம். அப்படியென்றால் வியாழக்கிழமை செய்து காட்டட்டுமாம்.

நல்லது, காட்டுவோம். நாலு நாளில் பெட்டி கட்டலாம்.

பெப்ரவரி 5, வியாழன்

கோதாரி விழுந்த காற்று.

மார்கழியிலிருந்து ஒரு நாள்கூட ஓயாத வாடை இன்றைக்குக் காலையில் நின்றுவிட்டது. ஒரு பனையோலை அசையவில்லை. மைதானத்தில் ஊர் முழுக்க. தீவின் காட்டுக்குதிரை இரண்டுகூட வந்து நின்று பார்த்தன.

தேவண்ணை பட்டத்தை நாலு பேரோடு தூக்கிவந்தார். அந்த மனுசனுக்குப் பொய்யாகப் பட்டம் விடத் தெரியாது. மெய்யாகவே பாடுபட்டார். அங்கும் இங்கும் ஓடினார், வேர்த்து ஊற்றியது. பட்டம் ஒரு ஆட்டின் உயரத்துக்கு எழும்பி, யோசித்து, தலைவர் ஐயாவின் தொப்பியில் குத்தி விழுந்தது. விண் ஒரு சின்னக் கொட்டாவி விட்டது.

பதிவு: பட்டம் என்ற விளக்கம் செய்முறையில் தோல்வி. கிராம அலுவலர் எதையோ மறைக்க முயல்கிறார் போலும். விசாரணை முடியும்வரை அவர் இங்கேயே தேவை.

சனம் கைதட்டியது. கைதட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து நிறுத்தியது.

கந்தோரில் அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன். பின்னேரம் வாடை திரும்பவும் எழும்பி யன்னலை அடித்தது.

பெப்ரவரி 7, சனி

ஒருவரோடும் கதையில்லை. வீட்டுக்கும் போகவில்லை, போய் என்ன முகத்தோடு நிற்பது. வாசலில் ஒரு முட்டி தயிர். யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று தூக்கினேன். நல்ல கட்டித் தயிர். கோபத்தோடேயே சாப்பிட்டேன்.

பெப்ரவரி 9, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அமர்வு. கூப்பிட முதலே பாக்கியமக்கா கதிரையில் வந்து இருந்தா.

"அது போட்டுது ஐயா."

எது, எங்கே என்று தலைவர் ஐயா பதற, நிரோஷன் பதற.

"அந்தத் தட்டு. வெள்ளிக்கிழமை போனது. போகேக்கை சொல்லிப்போட்டுத்தான் போனது, இனி வரமாட்டினமாம்."

"என்ன பாஷையில சொன்னாங்க?"

"தமிழிலைதான். வேறை எதிலை எனக்குச் சொல்லுறது?"

பின்னால் சூசையண்ணை எழும்பினார். "ஓம், கை காட்டினவை. நானும் காட்டினனான்." அவருக்குப் பின்னால் முழு வரிசையும்: போட்டுது, போட்டுது. அந்தக் கலியாண கேக்குக்காரி உட்பட. தேவண்ணை மட்டும், "நான் வேளைக்குப் படுக்கிறனான்." ஆனால் வெள்ளியிலிருந்து வானத்தில் ஒரு பல்பும் இல்லை, எனக்குத் தெரியும். பட்டம் சங்கக்கடைப் பின்னறையில் மா மூட்டைகளுக்கு மேலே கிடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

தலைவர் ஐயா கனநேரம் யன்னலால் கடலைப் பார்த்தார். தன்னிடம் சொல்லாமல் போய்விட்டார்களே என்ற கவலை போல. பிறகு கையெழுத்து வைத்தார். பொருள் புறப்பட்டுவிட்டது, விசாரணை முடிவு. நான் போகலாம்.

வெளியே அக்காவைப் பிடித்தேன். "கண் கிளினிக்?"

"ஒரு ராத்திரிதானே பிள்ளை. காதுக்கை பஞ்சு வைச்சால் கனடாவும் கேளாது. நீர் உம்மடை குஞ்சிட்டைப் போம்."

இந்தச் சனத்தை நான் என்னவெல்லாம் திட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி 13, வெள்ளி

வந்துவிட்டேன். ஒரே லோஞ்ச், மூச்சுவிட இடமில்லை, என் றங்குப்பெட்டிக்கு மேல் நாலு பேர். தேவண்ணை கயலுக்கென்று ஒரு சின்னப் பட்டம் செய்து தந்தார், விண்ணோடு. சூசையண்ணை கருவாடு. கருவாட்டு மணத்தில் வேலணை பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. கட்டில் மெய்யாகவே இடம்மாறியிருக்கிறது.

பெப்ரவரி 19, வியாழன்

புதுக் கந்தோர். சைக்கிள். மத்தியானம் வீட்டுச் சோறு. கயல் இரவில் என் கையைப் பிடித்தபடிதான் படுக்கிறாள், திரும்பவும் தட்டு வந்து ஏற்றிவிடுமாம்.

பாக்கியமக்காவுக்குப் போன். கிளினிக்குக்குப் போய், அடுத்த நாள் கடல் குழம்பி லோஞ்சே ஓடாமல், சம்பந்தி வீட்டில் இரண்டு இரவு. மாட்டுக்கு மடி வீங்கிவிட்டது. சூசையண்ணைக்குப் பல்லுக்கொதி, போய்வர ஒரு நாளில் முடியாது என்று கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இருக்கிறாராம். எல்லாவற்றையும் ஒரு குறையும் இல்லாமல் சொன்னா. ஒரு தரமாவது என்னை ஏசியிருக்கலாம்.

சோற்றை மூடிவைத்தேன்.

பெப்ரவரி 23, திங்கள்

நேற்றுப் பின்னேரம் கடற்கரையில் கயலோடு அந்தச் சின்னப் பட்டம் விட்டோம். கூவியது. இன்றைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். தலைவர் ஐயாவுக்கு, என் பெயரில், என் கையெழுத்தில்: மண்கும்பான் கடற்கரையில் நின்றபோது மேற்கே நெடுந்தீவுப் பக்கமாக ஒரு வெளிச்சத்தைக் கண்டேன், முன்னர் பட்டம் என்று சொன்னதையிட்டு வருந்துகிறேன்.

சிவா தோளுக்கு மேலால் வாசித்தார். "இஞ்சையிருந்து நெடுந்தீவு தெரியுமே?"

"தெரியாது."

"பிறகென்னத்தைக் கண்டனீர்?"

"தெரியாதெண்டு அவருக்குத் தெரியாதப்பா. மறைச்சவளே சொன்னால் நம்புவார்."

"திரும்ப உம்மை அங்கை கூப்பிட்டால்?"

அதை நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். கூப்பிட்டால் பின்னேர லோஞ்ச் இருக்கும்தானே, மாலையே வந்துவிடலாம்.

மார்ச் 5, வியாழன்

வெயில் தொடங்கிவிட்டது. கந்தோரில் ஓய்வூதியக்காரர் கூட்டம். நடுவில் போன், பாக்கியமக்கா.

"பிள்ளை, தொப்பி ஐயா வந்து இறங்கியிட்டார். ஓடியோடி வந்தவர், பாவம். சூசை பல்லுப் பிடுங்கப் போட்டான், பின்னேர லோஞ்சிலை வாறான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அக்கா? இனி வரமாட்டினம் எண்டெல்லே முந்திச் சொன்னது?"

"ஓம். எதையோ மறந்துபோய் விட்டிட்டுப் போட்டினமாம், எடுக்க வந்தவையாம் எண்டன்."