லோயிஸ் வைத்த சூப்

வெஸ்லி பார்க், மிசௌரி
மார்ச் 3, 1998

அன்புள்ள யூனிஸுக்கு,

புது வீட்டில் நீயும் வெர்னனும் நலம்தானே? ஓடுபாதைக்காக ஊரையே வாங்கிய விமான நிலையத்துக்காரர்கள் போன வாரம் உங்கள் வீட்டையும் இடித்துவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, மனசு வரவில்லை. நம் தெருவில் இன்னும் மூன்று வீடுகள்தான் நிற்கின்றன.

ஊரைக் கலைப்பதற்குள் அதன் வரலாற்றை எழுதிவிட வேண்டுமாம். நகர மன்றம் அதை என் தலையில் கட்டிவிட்டது. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் வெர்னனுக்குத்தானே அத்துப்படி? காலையில் சாப்பிட்டது மறந்தாலும் பழசு மறக்கவில்லை என்றாயே. செவ்வாய்க்கிழமைகளில் வந்து அவர் பேச்சைப் பதிவு செய்துகொள்ளட்டுமா?

அன்புடன்,
வில்மா

மார்ச் 9

அன்புள்ள வில்மா,

இதற்கெல்லாமா அனுமதி கேட்பாய்? வா. வரும்போது பேச்சுத்துணைக்கு ஊர் வம்பும் கொண்டு வா. இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் கையசைப்பதோடு சரி.

அவர் தினமும் சாயங்காலம் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "இருட்டப் போகுது, வீட்டுக்குப் போலாம்." "இதுதாங்க நம்ம வீடு" என்றால், "யாருகிட்ட கதை விடறே?" என்று சிரிக்கிறார். சில நாள் என்னையே அடையாளம் தெரியவில்லை, வில்மா. உன்னோடு பழங்கதை பேசும்போது கூடவே என் ஞாபகமும் வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. அதற்காகவே நீ வர வேண்டும்.

உன்,
யூனிஸ்

மே 20

அன்புள்ள யூனிஸுக்கு,

வெர்னன் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே இல்லை. தெருவிலிருந்த நாய்களின் பெயர்கூட விடாமல் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. அறுபத்தேழாம் வருஷத்துச் சூறாவளியில் தெருவே உங்கள் நிலவறையில் ஒண்டிக்கொண்டதே, அதைப் பற்றிக் கேட்டேன். "எங்க லோயிஸ்தான் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி எல்லாருக்கும் சூப் வச்சுக் கொடுத்தா. குழந்தைங்க அழக் கூடாதுன்னு பாட்டு வேற பாடினா" என்றார். அவருடைய முதல் மனைவி லோயிஸ் இறந்து அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது. நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன், யூனிஸ். அடுப்பை மூட்டியது நீ. பாடியதும் நீ.

நீ சமையலறையில்தான் இருந்தாய். உன் காதில் விழுந்திருக்கும். அவர் சொன்னபடியே போடவா, திருத்தவா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

வில்மா

மே 26

அன்புள்ள வில்மா,

காதில் விழுந்தது. குழாயை மூடிவிட்டு முழுவதும் கேட்டேன். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைக்கூட விட்டெறிந்த மாதிரிதான் வைத்தேன். முப்பத்திமூன்று வருஷம் கூட வாழ்ந்தவள் நான். இந்த வயசில் செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுகிறேன், பார்.

இன்று காலையில், "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"யூனிஸ்."

"பக்கத்து வீடா?"

ஆமாம் என்றேன். எத்தனை நாள்தான் இல்லை என்று சொல்வது?

"உட்காருங்க. லோயிஸ் இப்போ வந்துருவா, காபி போடச் சொல்றேன்."

உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் இரண்டு பேருமாக அவளுக்காகக் காத்திருந்தோம். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை.

இனி செவ்வாய்க்கிழமைகளில் வராதே. கோபித்துக்கொள்ளாதே. அவர் லோயிஸைப் பற்றிச் சொல்வதை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

நீ கேட்டதற்குப் பதில்: திருத்து. வீட்டில் விட்டுக்கொடுத்துவிட்டேன், அச்சில் விட்டுக்கொடுக்க மாட்டேன். சூப் வைத்தது யூனிஸ் கெட்லர், வெர்னனின் மனைவி என்று போடு.

யூனிஸ்