அசையாத முள்

8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போனது. கோப்பைகளுக்குச் சூட்டில் உருகிப் பளபளக்கும் நீல கிளேஸ் பூசி முடித்தாயிற்று. வீட்டுக்காரர் பீங்கான் ஃபியூஸ் கட்டை சுடும் சூளையில் என் முதல் சரக்கு. வடிவம், கலவை எல்லாம் நானே. வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரிக் கடைக்காரம்மா பார்க்க வருகிறார். பிடித்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறாராம். பிடிக்காவிட்டால் டியூஷன், அடுப்படி, மாமியாரின் மாத்திரை. சாகும் வரைக்கும்.

வாங்க: வெங்காயம், கோப்பை கட்டச் சணல், பழைய பேப்பர்.

சாயங்காலம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாயுக்கள் பாடம். நல்லியல்பு வாயு: மூலக்கூறுகளுக்குள் ஈர்ப்பு கிடையாது. எவ்வளவு நெருக்கினாலும் திரவமாகாது. கருவேப்பிலங்குறிச்சிப் பெண் கேட்டாள், "மிஸ், அந்த வாயு எங்க கெடைக்கும்?" புத்தகத்தில் மட்டும்தான் என்றேன். சிரித்தார்கள். நெருக்கடியிலும் மாறாத குடும்பம் மாதிரி, எங்கே கிடைக்கும்.

9, செவ்வாய்

ஷெட்டுக்குப் போனேன். நாளை விடியற்காலை சூளை பற்ற வைக்க வேண்டும். போன தடவை பாதி தீர்ந்த கேஸ் சிலிண்டர்களையே இவர் மறுபடி மாட்டியிருக்கிறார். கேட்டேன்.

"மீட்டர பாரு. முள்ளு எறங்கவே இல்ல. கேஸு நெறைய இருக்குது."

"ஏங்க, இது ஆக்சிஜன் இல்லைங்க. உள்ள திரவமா இருக்குது. அது தீர்ற வரைக்கும் முள்ளு அப்படியேதான் நிக்கும். எடை போட்டுப் பாத்தாதான் தெரியும்."

"சவுதில, தமாம்ல அத்தன வருஷம் வெல்டிங் பண்ணவன் நான். முள்ளு பாதின்னா கேஸு பாதி. எனக்கே பாடம் எடுக்காத."

அங்கே அது சரி. ஆக்சிஜனை எவ்வளவு அடைத்தாலும் அந்தச் சிலிண்டரில் வாயுவாகவே இருக்கும். குறையக் குறைய முள்ளும் இறங்கும். இது வேறு ஜாதி. நெருக்கினால் திரவமாகிவிடும். மேலே வாயு செலவாகச் செலவாகத் திரவம் ஆவியாகி ஈடுகட்டும். எழுதும்போது எவ்வளவு தெளிவாக வருகிறது. அங்கே பேச விட்டால்தானே.

மாமி: "ஆம்பள வேலைல நீ ஏன் தலைய நீட்டுற?"

தலைவலி. மாத்திரை போட்டேன்.

10, புதன்

டியூஷன் நடுவில் இவர் போன். "முள்ளு பொசுக்குன்னு வுழுந்துடுச்சு." அதுவரை ஆடாமல் நின்றதாம். கிளேஸ் உருகுவதற்குள் தீ அணைந்துவிட்டது. புது சிலிண்டருக்கு ஓடியிருக்கிறார், பர்னருக்குக் காற்று ஊதும் மோட்டாரை நிறுத்தாமலே. தணலாக இருக்கும் பீங்கான் மேல் சூடில்லாத பச்சைக் காற்று.

பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். அழவில்லை. அரிசி களைந்தேன்.

11, வியாழன்

தூறல். சூளை திறந்தார்கள். நீலமே வரவில்லை. வெளுத்துப்போய், சொரசொரவென்று. கைப்பிடிகள் எல்லாம் விரிசல். முழுசாக ஒன்றுகூட இல்லை. இவருடைய ஃபியூஸ் கட்டைகள் தடிமன், தப்பித்துவிட்டன. மறுபடி சுட்டுக்கொள்ளலாமாம்.

சணல் வாங்கியது வீண்.

12, வெள்ளி

ஜும்ஆ முடிந்து இவர் வரும்போது கடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் இவர் சொன்னார்:

"எங்க வூட்ல கிளேஸு கலந்தது சரியில்லைங்க. இப்பதான் கத்துக்கிறாங்க."

"பரவால்லம்மா. நல்லா கத்துக்கிட்டுச் சொல்லுங்க," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கார் ஏறினார் அந்தம்மா.

கலவையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வந்தவர் முன்னால் புருஷனைப் பொய்யனாக்குவதா என்று டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன். என்மேலேயே வெறுப்பு. இவர்மேல் அதைவிட. இரவு சாப்பாட்டில் மீன் நன்றாக இருக்கிறது என்றார்.

15, திங்கள்

நல்ல வெயில். டீ எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனால், அங்கே புதிதாக ஒரு எடை மிஷின். ஒவ்வொரு சிலிண்டராக ஏற்றி பர்னர் பார்க்கும் ஆளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

"முள்ள நம்பாதப்பா. உள்ள திரவம் இருக்குதுல்ல, அது தீர்ற வரைக்கும் எறங்காது."

ஆள் மரியாதையாகத் தலையாட்டினான். சூளையில் மேல்தட்டு வரைக்கும் ஃபியூஸ் கட்டைகள். மறுபடி செய்யப்போகும் என் கோப்பைகளுக்கு இடம் கேட்டேன். "அடுத்த தடவ பாக்கலாம்."

ஆள் நகர்ந்ததும் டீயை உறிஞ்சிக்கொண்டே என்னைக் கேட்டார்: "இவ்ளோ படிச்சிருக்க. அன்னைக்கே நீ ஏன் இத வெவரமா சொல்லல?"