இல்லாத விலங்கின் எடை

ஆராய்ச்சி நிலையம்,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் தங்கையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று தங்கையை ஒரு வரி எழுதச் சொல்லவும்.

மரியாதையோடு தொடங்கிவிட்டேன். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ‘வாடா போடா’ என்று பேசிய வாய், என் தங்கையை நீங்கள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ‘வாங்க போங்க’ என்று பழகிவிட்டது. கடிதம் முடியும்வரை அந்த மரியாதை தாங்குமா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று முன்தினம், உங்கள் அறிக்கையின்படி இந்தக் காட்டில் இல்லாத விலங்கு ஒன்றை என் மேசைமேல் கிடத்தி எடை போட்டேன். கருங்குரங்கு, பெண், ஒன்பது கிலோ நானூறு கிராம். மார்பில் பால் கட்டியிருந்தது. குட்டியைக் காணவில்லை.

காட்டுச் சாலையை அகலப்படுத்த இன்னும் அனுமதி வரவில்லை. அதற்குள் ஒப்பந்தக்காரர் மூன்றாம் வளைவில் ‘மாதிரிக்கு’ என்று சொல்லி இருபுறமும் கிளைகளை வெட்டித் தள்ளிவிட்டார். அங்கே இரு பக்கத்து மரங்களும் சாலைக்கு மேலே கைகோத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கருங்குரங்குக் கூட்டம் அதன் வழியாகத்தான் சாலையைக் கடக்கும். கிளை போனபின் மூன்று நாள் அவை வெட்டிய விளிம்பில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. நான்காம் நாள் காலை ஒன்று தரையில் இறங்கியது. தரையில் நடந்து பழகாத விலங்கு. லாரி வந்தது.

சாக்கில் கட்டி எடுத்துவந்தவர் எங்கள் ஜீப் டிரைவர். “சார், இதுங்க இங்க இல்லவே இல்லைன்னுதானே ரிப்போர்ட்ல போட்டிருக்காங்க? அப்ப இது யாரு, விருந்தாளியா?” என்று கேட்டார். நிலைய இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டு, “எங்கிருந்தாவது வழி தவறி வந்திருக்கும், பெருசு பண்ணாதீங்க” என்றார். பத்தொன்பது வருடமாக இந்த நிலையத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அறிவுரை இந்தப் ‘பெருசு பண்ணாதீங்க’தான்.

இப்போது இந்தச் சாலைக்காக நீங்கள் எழுதிய அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். விலங்கு கடந்தால் தானாகப் படம்பிடிக்கும் நாற்பது கேமராக்களையும் என் கையால் கட்டினேன். எல்லாமே முழங்கால் உயரத்தில், ஒற்றையடிப் பாதையைப் பார்த்தபடி. ஏனென்றால் உங்கள் நிறுவனம் கேட்டது தரை விலங்குகளைத்தான்: சருகுமான், முள்ளம்பன்றி, எறும்புத்தின்னி, சிறுத்தை. முழங்கால் உயரக் கேமராவுக்குக் கருங்குரங்கும் தெரியாது, தேவாங்கும் தெரியாது, பறக்கும் அணிலும் தெரியாது. அதனால் மரத்தில் வாழும் ஒன்பது விலங்குகளுக்கும் அட்டவணையில் கட்டத்தைக் காலியாக விட்டேன். காலிக் கட்டம் என்றால் தேடவில்லை, பூஜ்ஜியச் சுழி என்றால் தேடியும் கிடைக்கவில்லை. கல்லூரியில் முதல் வருடமே நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

உங்கள் அலுவலகக் கணினி காலிக் கட்டத்தை ஏற்காதாம். யாரோ ஒருவர் ஒன்பதிலும் சுழியைத் தட்டிவிட்டார். அந்தச் சுழிகளை நம்பி இன்னொருவர், ‘மரவாழ் பாலூட்டிகள் இல்லை, எனவே கிளைகளை அகற்றுவதால் பாதிப்பில்லை’ என்று எழுதிவிட்டார். கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

தட்டியவருக்குத் தெரியாது, மன்னித்துவிடலாம். உங்களுக்குமா தெரியாது? அதே மூன்றாம் வளைவில் ஜீப்பின் கூரைமேல் மல்லாந்து படுத்து, கழுத்து சுளுக்கச் சுளுக்க நாம் இருவரும் குரங்கு எண்ணவில்லையா? நீங்கள் பத்தொன்பது என்றீர்கள், நான் இருபது என்றேன். அதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தோமே! ஒரு குரங்குக்காக அன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர் இன்று மொத்தக் கூட்டத்தையும் சுழியாக்கிவிட்டு எப்படிச் சோறு சாப்பிடுகிறார்?

கோபம் வந்தால் எனக்குப் பழையதெல்லாம் கூடவே வரும். நான் தயாரித்த விலங்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நேர்முகத் தேர்வுக்குப் போனதை நான் மறக்கவில்லை. போன வருடம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நண்பர்களிடம் என்னை, “இவர் காட்டுல கேமரா கட்டுறவர்” என்று அறிமுகம் செய்தீர்கள். சமையலறையிலிருந்து தங்கைதான் எட்டிப் பார்த்து, “எங்க அண்ணன் டாக்டர் பட்டம் வாங்கினவர்” என்றாள். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குள் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் அறிக்கையின் முன்வரைவை எனக்குச் சரிபார்க்க அனுப்பினீர்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் பெயர் அடியில், ‘களப்பணி உதவி’ என்று. அந்த எரிச்சலில் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை. ‘சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் கையெழுத்தைக் கிறுக்கி, அதே உறையில் திருப்பி அனுப்பினேன். நாற்பத்திரண்டாம் பக்கம்வரை போயிருந்தால் அன்றே உங்களை உலுக்கியிருப்பேன். வீம்புக்குப் போட்ட கையெழுத்து. ஆகவே அந்தக் குரங்கைக் கொன்றவர்கள் வரிசையில் லாரிக்காரருக்கு மூன்றாம் இடம்தான்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். பதினாறு உட்கார்ந்திருக்கின்றன, இன்னும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி. வரும் வாரம் வியாழக்கிழமை சாலை அனுமதிக்கான விசாரணை. நாற்பத்திரண்டாம் பக்கம் அங்கே நின்றுவிட்டால், மீதமுள்ள பத்து வளைவுகளிலும் ரம்பம் இறங்கும்.

நேற்று தங்கை போன் செய்தாள். நான் இதை விடப்போவதில்லை என்று இயக்குநர் உங்களிடம் சொல்லியிருப்பார், நீங்கள் அவளிடம் சொல்லியிருப்பீர்கள். “அண்ணா, அவருக்கு இந்த மாசம்தான் வேலை நிரந்தரமாகுது. உன் கோவத்துக்கு எங்க சோத்துல மண்ணைப் போட்டுடாதே” என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அவளுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். புதன்கிழமை மாலைக்குள் விசாரணைக் குழுவுக்கு நீங்கள் இரண்டு வரி அனுப்பினால் போதும்: ஒன்பது சுழிகளும் பிழை, மரத்தின்மேல் நாங்கள் தேடவே இல்லை. உங்கள் பெயரில் போனால் அது திருத்தம். என் வாயிலிருந்து வந்தால் குற்றச்சாட்டு. நீங்கள் அனுப்பாவிட்டால் வியாழக்கிழமை நான் எழுந்து நிற்பேன். என் கையெழுத்தில் தொடங்கி உங்கள் கையெழுத்தில் முடிப்பேன். என் வேலை போகும், போகட்டும்.

பழி வாங்குகிறான் என்பீர்கள். அது முழுப்பொய் இல்லை. அந்தக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் உங்கள் பெயரைச் சொல்லும்போது எனக்குள் எங்கோ ஒரு மூலையில் இனிக்கும் என்று எனக்கே தெரியும். அது தெரிவதால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வரிகளை நீங்களே எழுதிவிடுங்கள், மாப்பிள்ளை. எனக்கு அந்தச் சுகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு என் தங்கை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வேலை நிலைக்கட்டும், அந்தப் பதினாறும் நிலைக்கட்டும். ஒன்றுக்காக இன்னொன்று போக வேண்டிய நிலை நம் வீட்டுக்கு வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்.